தாத்தாவுக்கு ஒரு ஆள்

"நல்லா ஆழமாக் குடைடீ. தாத்தா சொல்றது தெளிவா விழ வேணாமா?" என்று அதட்டினாள் எஜமானி.

மாட்டின் தோள்பட்டை எலும்பில் அடிமைப் பெண் ஸுமே குழி குடைந்துகொண்டிருந்தாள். எலும்பிடம் கேட்கப்போகும் கேள்வி அவளைப் பற்றியதுதான். வீட்டுத் தலைவர் லியாவுக்கு மூன்று நாளாகக் கடைவாய்ப் பல்வலி. செத்துப்போன தாத்தாவின் கோபம்தான் அது. ச்சியாங் ஆள் ஒருவரைப் பலி கொடுத்தால் தணிவாரா?

மேற்கு மலையில் ஆடு மேய்த்த ச்சியாங்குகளை அரசர் படை பிடித்துவந்து பங்கு போட்டபோது இந்த வீட்டுக்கு வந்தவர்களில், இப்போது மிச்சம் அவள் ஒருத்திதான். போன வருடம் மழைக்காக அவள் அண்ணனை வெட்டினார்கள். மழை வரவில்லை. அவன் சரியாகக் குளிக்காமல் வந்ததுதான் காரணம் என்று குறிகாரர் வேய் கண்டுபிடித்துச் சொன்னார். பெரிய இடத்து முன்னோர்கள் ஒருநாளும் தப்புச் செய்வதில்லை.

வேய் குழியில் தணல் வைத்தார். எலும்பு படீரென்று விரிசல் விட்டது. விரிசலின் போக்குதான் தாத்தாவின் பதில்; வேய் அதைப் படித்தார்.

"தாத்தா சரின்னுட்டார். நாளைக் காலையில முடிச்சிரலாம்."

"இன்னைக்கே வச்சுக்கக் கூடாதா? கஞ்சிகூட இறங்கலய்யா" என்று முனகினார் லியாவ்.

"அண்ணனையும் குடுத்துட்டேனே, எஜமான்..." என்றாள் ஸுமே.

"பல்லுவலி உனக்கு வந்தாத் தெரியும்!" என்றாள் எஜமானி.

மறுநாள் பொழுது விடிந்தது. கத்தி தீட்டி முடியுமுன் தெருவெல்லாம் ஒரே ஓட்டம். அரசர் தோற்றுத் தீயில் விழுந்துவிட்டாராம். எதிரிகளான சோவ் படை நகருக்குள் நுழைந்துவிட்டதாம். அதன் முன்வரிசையில் ஈட்டியோடு வருகிறவர்கள் யார்? அந்த ஆட்டுக்கார ச்சியாங்குகளேதான்! லியாவின் பல்வலி போன இடம் தெரியவில்லை.

"வேய் ஐயா, அந்த எலும்பை இன்னொருக்கா பாருங்க."

வேய் பார்த்தார், அப்படியே திருப்பிப் பிடித்தார். "அடடா, நேத்து தலைகீழா பிடிச்சுட்டேன். 'அந்தப் பொண்ணுமேல கை வைக்காதீங்க'ன்னு தாத்தா அப்பவே சொல்லியிருக்காரு."

"உக்காரும்மா ஸுமே, ஒரு வாய் கறி சாப்பிடு" என்று பட்டு அங்கியை அவள் தோளில் போர்த்தினாள் எஜமானி. ஐந்து வருடத்து 'டீ' ஒரே காலையில் 'அம்மா' ஆகிவிட்டது.

"பெத்த பொண்ணு மாதிரி வச்சிருந்தோம்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரும்மா" என்று குழைந்தார் லியாவ்.

வாசலில் ஈட்டிக்காரன் ஒருவன் வந்து நின்றான். அவள் முகத்தைக் கண்டதும் மலைப்பேச்சில் கேட்டான்: "தங்கச்சி, இந்த வீட்டுல நம்ம ஜனம் எத்தனை பேரு?"

ஸுமே பட்டு அங்கியைக் கழற்றி எஜமானி கையில் கொடுத்தாள். லியாவுக்கும் புரியட்டும் என்று நகரத்துப் பேச்சிலேயே பதில் சொன்னாள்.

"மண்ணுக்கு மேல நான் ஒருத்திதாண்ணே. கீழே, இவங்க தாத்தாவுக்கு எடுபிடியா பதினாலு பேரு. வாங்க, இடத்தைக் காட்டுறேன்."