பதினான்கு விநாடிச் சாம்பியன்

1.

இந்தக் கதை என் வாய்க்கொழுப்பில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அவமானம். குளியலறைக்கு ஒரு கண்ணாடி வாங்கப் போனவன், போன வேலையைப் பார்த்துக்கொண்டு திரும்பியிருந்தால் ஒரு குடும்பம் அந்த ஞாயிற்றுக்கிழமையை நிம்மதியாகக் கழித்திருக்கும். உங்களுக்கும் இந்தக் கதை இருந்திருக்காது.

மூன்று தரம் தொடங்கிப் பார்த்தேன். முதல் தரம்: "மேடையில் விளக்குகள் எரிந்தன. இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே—" வேண்டாம். மேடையில் தொடங்கினால் குத்து எங்கே என்று கேட்பீர்கள். இரண்டாம் தரம்: "இருபத்தாறு ஆண்டுகளாக அவள் ஒரு பொய்யோடு—" அதுவும் வேண்டாம். அவள் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்காததைச் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான். [இந்த வரியைப் படித்துவிட்டு அவளே ஓரத்தில் எழுதியது: "எனக்கு வக்காலத்து வாங்க வேண்டாம்." வரியும் இருக்கட்டும், அவள் எழுதியதும் இருக்கட்டும்.]

மூன்றாம் தரம் எழுதியதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இது தேறிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

2.

ஆட்கள் மொத்தம் நாலு பேர். என்னைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கண்ணாடி வெட்டுகிறவரைத் தெருவே சாம்பியன் என்றுதான் கூப்பிடும். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் குத்துச்சண்டையில் பட்டம் வென்றவர். ஜன்னலுக்கு அளவு கொண்டுவருகிறவர்கள்கூட, "சாம்பியன், ரெண்டு அடிக்கு ஒன்றரை" என்றுதான் தொடங்குவார்கள். அவர் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

அந்த இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்றவர் இப்போது பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இடக்கைக்காரர், அதிகம் பேசாதவர். தோற்ற மனிதன் ஜெயித்தவனின் கடைக்கு வாரம் தவறாமல் வருவதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டீர்கள். ஆனால் வந்தார்.

மூன்றாமவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். வாழ்நாளில் ஒரு கொசுவைக்கூடச் சரியாக அடித்ததில்லை, ஆனால் குத்துச்சண்டையில் அவருக்கு இல்லாத அபிப்பிராயம் கிடையாது.

நாலாவது, சாம்பியனின் மனைவி. பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. கதை இவளுடையது. அந்த இறுதிப் போட்டியில் மேசையில் உட்கார்ந்து, நேரம் பார்த்து, சுற்றுக்குச் சுற்று மணி அடித்தவள். நாலு ஆண்டு கழித்து இருவருக்கும் கல்யாணம் ஆனது. "மணி அடிச்ச கையையே பிடிச்சுட்டேன்" என்று சாம்பியன் சொல்லாத ஆள் ஊரில் பாக்கியில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் கை ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும்.

3.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரே வேலை. உலகச் சாம்பியன்களில் தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல். மூலை உடைந்த நிலைக்கண்ணாடி ஒன்றில், கண்ணாடியில் குறி போடும் மெழுகுப் பென்சிலால் தையல்காரர் எழுதுவார். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு பெயர் ஏறும். ஏறிய பெயர் அழியாது.

நான் போன அன்று அதில் ஏழு பேர் இருந்தார்கள். எல்லாம் இவர்கள் வைத்த பட்டப்பெயர்கள்தான். முதலிடத்தில் "முப்பத்தெட்டுக்குச் சைபர்". தோல்வியே காணாத மாவீரன். ஆனால் அந்த முப்பத்தெட்டில் பாதிப் பேர் ஓய்வு பெற்றுப் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்பது தையல்காரரின் வாதம். ஆளைப் பார்த்துச் சண்டை போடுகிறவனுக்குத் தோல்வி எப்படி வரும்? அடுத்தது "இரும்புத்தாடை". எவ்வளவு அடித்தாலும் விழமாட்டான் என்று பெயர். அடி வாங்குவதெல்லாம் ஒரு திறமையா என்றார் சாம்பியன். அடிக்கத் தெரியாதவனுக்குத்தான் தாடை வேண்டும். அப்புறம் "ஐந்து பெல்ட்". ஐந்து சங்கங்கள் ஆளுக்கொரு பெல்ட் கொடுத்தால் ஐந்து சாம்பியன் ஆகிவிடுவானா, இடுப்பு ஒன்றுதானே என்று கேட்டு அவனையும் ஏற்றியிருந்தார்கள்.

(குறிப்பு: இந்த வாதங்களில் சில எனக்கு உடன்பாடு. இரும்புத்தாடையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதற்குத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று— சரி, கதைக்கு வருகிறேன்.)

4.

என் கண்ணாடி மேசையில் இருந்தது. சாம்பியன் அளவுகோலை வைத்து வெட்டுளியை இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சு சூடாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சொன்னேன், உலகச் சாம்பியன்களை விடுங்கள், நம் ஊரிலேயே ஒருத்தர் உண்டு, பழைய விளையாட்டு மலர் ஒன்றில் படித்தேன், லைட்வெயிட் இறுதிப் போட்டி, கடைசிச் சுற்று முழுக்கக் கயிற்றில் தொங்கியே பட்டம் வாங்கினாராம், உங்கள் பட்டியலில் அவரல்லவா முதலில் இருக்க வேண்டும்.

தெருவே சாம்பியன் என்று கூப்பிடுகிறதே, ஏன் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். நான் அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்திருந்தேன்.

தையல்காரர் பென்சிலைக் கீழே வைத்தார். மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தார். கடையின் பின்பக்கம் வெட்டிய கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்த சாம்பியனின் மனைவி கையை நிறுத்தினாள். சாம்பியன் மட்டும் இழுத்த கோட்டை முடித்து, ஓரத்தைப் பிடித்து ஒரு தட்டுத் தட்டிப் பிரித்தார். சுத்தமாகப் பிரிந்தது.

"அது நான்தான் சார்" என்றார். கோபமே இல்லை. "எழுதுங்கப்பா. ஓட்டுக்கு விடுவோம்."

உண்மையான தன்னம்பிக்கை உள்ளவர்களிடம் இதுதான் சிக்கல். நாம் மன்னிப்புக் கேட்கக்கூட இடம் கொடுக்க மாட்டார்கள். மெக்கானிக் உடனே மறுத்தார். அன்றைக்குத் தன்னை ஜெயித்தவன் இவன்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை என்றார். தையல்காரர் எந்தப் பக்கமும் சாயவில்லை, குறும்பை மட்டும் விடவில்லை.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. அன்னிக்குப் பக்கத்துலேர்ந்து பாத்தது நீங்கதானே?"

5.

இங்கே கதையை நிறுத்திவிட்டுப் பின்னால் போகிறேன். அவள் எதைச் சுமந்துகொண்டு நின்றாள் என்று தெரியாமல் அவள் சொல்லப்போவது உங்களுக்குப் புரியாது.

மூன்றாம் சுற்று, அதுதான் கடைசி. மூன்று நிமிடம். இரண்டு நிமிடம் முப்பத்தொன்றில் சிவப்பு மூலைக்காரனின் கையுறை நாடா அவிழ்ந்தது. சிவப்பு மூலை, பின்னால் அவள் கணவனாகப் போகிறவன். நடுவர் "டைம்" என்றார். அப்படிச் சொன்னால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும், நாடா கட்டி முடித்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடவிட வேண்டும். அவள் அழுத்தினாள். முகப்பில் எண் நின்றது. ஆனால் அழுத்தியது பக்கத்துப் பொத்தான். ஓட்டப் பந்தயங்களில் ஒவ்வொரு வட்டத்தின் நேரத்தையும் குறிக்க அதைத்தான் அழுத்துவாள். அதை அழுத்தினால் எண் நிற்கும், உள்ளே நேரம் நிற்காது. பள்ளி மைதானத்தில் பழகிய விரல் தானாகப் போய்விட்டது.

சண்டை மறுபடி தொடங்கியதும் மீண்டும் அழுத்தினாள். முப்பத்தொன்று ஒரே தாவலில் நாற்பத்தைந்தானது. பதினான்கு விநாடி காணாமல் போயிருந்தது. அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. மூன்று நிமிடம் பதினான்கு வரை விட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

அப்போது இடக்கைக்காரர் எதிராளியைக் கயிற்றில் சாய்த்துக் குத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மூலைக்காரனின் முழங்கால் மடியத் தொடங்கியிருந்தது. கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தொட்டது. அவள் மணியை அடித்தாள். முதல் இரண்டு சுற்றில் எடுத்த புள்ளிகளால் சிவப்பு மூலை ஜெயித்தது.

பொத்தான் தவறு; அதில் எனக்குச் சந்தேகமில்லை. மணி? இங்கேதான் இந்தப் பாத்திரத்தை நான் நம்பாமல் போகிறேன். என் முதல் வரைவில், "அந்த முகத்தை அதற்கு மேல் அடிபட விட அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் ஏற்கெனவே அவள் அவனை" என்று எழுதியிருந்தேன். அவள் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "அன்னிக்கு அவர் யாருன்னே எனக்குத் தெரியாது." பிறகு ஏன் அடித்தீர்கள் என்றால் பதில் இல்லை. பதில் இல்லாத ஒன்றோடு ஒரே வீட்டில் இருபத்திரண்டு ஆண்டு குடும்பம் நடத்தியிருக்கிறாள். சொன்னால் அவர் பெயரே போய்விடும், தெரு கூப்பிடும் அந்தப் பெயர். அதோடு, தன்னை அவர் பார்க்கிற பார்வையும் போய்விடும். அவளுக்கு அதுதான் பெரிய பயம்.

6.

ஆனால் சொன்னாள். ஓட்டுப் போடுகிற குரலிலேயே சொன்னாள்.

"அந்தச் சுத்து முடியல. இன்னும் பதினாலு செகண்டு இருந்துச்சு. நான் முன்னாடியே அடிச்சுட்டேன்."

பொத்தானைப் பற்றி விளக்கினாள்.

கடை இடிந்து விழும் என்று நான் எதிர்பார்த்தேன். விவாதக்காரர்களை எனக்குத் தெரியவில்லை. தையல்காரருக்கு இது புதிய ஆதாரம், அவ்வளவுதான். பதினாலு விநாடியில் ஒருவன் சராசரி எத்தனை குத்து விடுவான் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். மெக்கானிக் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தனக்கு அப்போது கையே தூக்க வரவில்லை, மணி அடிக்காமல் இருந்திருந்தால் தானே விழுந்திருப்பேன் என்றார். அது நிஜமா, இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் பேசியதா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியவில்லை. அவள் அவரைப் பார்க்கவே இல்லை, கணவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாம்பியன் வெட்டுளியை மேசையில் வைத்தார்.

"தெரிஞ்சா அடிச்ச?"

"தெரிஞ்சுதான்."

"ஏன்?"

"தெரியல."

நான் என் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன், இன்னும் ஓரம் தேய்க்கவில்லை.

7.

முடிவுக்கு என்னிடம் மூன்று வரைவுகள் இருந்தன.

முதலாவதில் சாம்பியன் நிலைக்கண்ணாடியில் தன் பெயரைத் தானே எழுதுகிறார். அழகாக இருந்தது. அழகுக்காக எழுதியது என்று பார்த்ததும் தெரிந்தது. இரண்டாவதில் மூன்று பேரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். தையல்காரருக்கு மிகவும் பிடித்த முடிவு இது. அவரிடம் எதையும் படித்துக் காட்டக் கூடாது என்று முடிவு செய்தேன். மூன்றாவதில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு— அதை முடிக்கவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

நடந்ததையே எழுதிவிடுகிறேன், எனக்குத் தெரிந்த வரை.

8.

சாம்பியன் சட்டைக் கையை மடித்துவிட்டார். மெக்கானிக்கைப் பார்த்து, "வாடா. மிச்சத்தை முடிச்சிருவோம்" என்றார்.

"போடா, வயசு என்ன ஆச்சு" என்றார் மெக்கானிக். ஆனால் எழுந்துவிட்டார். அதுவரை மெதுவாகவே நடமாடிய மனிதர் எழுந்த வேகத்தைப் பார்த்ததும் நான் ஓர் அடி பின்வாங்கினேன். கை தூக்க வரவில்லை என்று சொன்னவர் எழுந்த மாதிரி இல்லை அது.

இருவருமாக மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். சாம்பியன் மனைவியிடம் திரும்பினார். "நேரம் பாரு."

அவள் முகத்தில் அப்போது இருந்ததை நாலு தரம் எழுதி நாலு தரமும் அடித்துவிட்டேன். பயம் இருந்தது. பயத்தைவிட அதிகமாக நிம்மதி இருந்தது, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். அவள் எங்கள் இருவரிடமும் வந்து, "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல். தையல்காரரும் நானும் மறுபேச்சில்லாமல் தெருவுக்கு வந்தோம். எங்கள் பின்னால் ஷட்டர் இறங்கியது.

இரண்டு பக்கமும் ஆளுயரக் கண்ணாடிகள் நிற்கிற கடைக்குள் இரண்டு பேர், நேரம் பார்க்க அவள். நாங்கள் ஷட்டரில் காதை வைத்தோம். "ஆரம்பிங்க" என்று அவள் குரல் கேட்டது. செருப்பில்லாத கால்கள் தரையில் உரசின.

தையல்காரர் விரல் விட்டு எண்ணினார். பத்து. பன்னிரண்டு. பதினான்கு.

அவள் "டைம்" என்று சொல்லவில்லை.

பதினைந்து, பதினாறு. கால்கள் உரசிக்கொண்டுதான் இருந்தன. இருபதில் தையல்காரர் என்னைப் பார்த்தார். முப்பதில் எண்ணுவதை விட்டுவிட்டார். நான் விடவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று பின்னால் மூன்று பேரிடமும் கேட்டேன். அவள் மட்டும்தான் பதில் சொன்னாள். "அது எங்க மூணு பேருக்குள்ள." அதனால் அந்தப் பகுதியை நான் எழுதப்போவதில்லை, எழுதத் தெரியாமல் இல்லை. யார் யாரை அடித்தார், யாராவது அடித்தார்களா, எல்லாம் உங்கள் விருப்பம். ஷட்டரில் காதை வைத்துக்கொண்டு நான் அறுபத்திரண்டு வரை எண்ணியிருக்கிறேன். அவள் இன்னும் நிறுத்தச் சொல்லவில்லை. இந்த இடத்திலிருந்து நீங்கள் எண்ணுங்கள்.