திங்கட்கிழமை மாத்திரை

கொசு கடித்ததால் வந்த வினை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கொசு பாவம், அது தன் வேலையைத்தான் செய்தது. மற்றதையெல்லாம் செய்தவன் நான்.

நான் டவர் கிரேன் ஓட்டுகிறவன். இருபது மாடி உயரத்தில், காலை நீட்ட இடமில்லாத ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. கீழே நின்று எனக்குச் சைகை காட்டியவன் என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் சைட்டில் அவனுக்குப் பெயரே விசில். ஊதாத நேரத்தில் பேசிக்கொண்டிருப்பான். அந்த வாய்க்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். கிளம்பும்போது என் மனைவி, "உங்களை நம்பித்தாங்க என் தம்பியை அனுப்புறேன், பாத்துக்கங்க" என்றாள். "அவன் என்ன பச்சைக் குழந்தையா?" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுவது என் பிறவிக் குணம். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வேலை நடந்த இடம் சதுப்பு நிலம். மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மலேரியா இல்லாத மாதமே அங்கே கிடையாதாம். போய் இறங்கிய அன்றே சேஃப்டி அதிகாரி எங்களை வரிசையில் நிற்கவைத்துச் சட்டம் படித்தார். வாரம் ஒரு மாத்திரை, திங்கட்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்ததும், கருவி ஷெட்டுக்கு முன்னால். இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நிற்க வேண்டும். எதிரே நிற்பவன் விழுங்குவதைப் பார்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அவனுடைய அட்டையில் நாம் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களையே ஜோடி சேர்த்தார்கள். சொந்தக்காரன் உயிரோடு எவனும் விளையாட மாட்டானாம். இதை யோசித்த மகானுக்குச் சொந்தக்காரர்களே இருந்ததில்லை போலிருக்கிறது.

முதல் இரண்டு வாரம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போனது. "மாமா, நாக்கைத் தூக்குங்க, இன்னும் தூக்குங்க. ஐயையே! இந்த வாயை வச்சுக்கிட்டா எங்க அக்காகிட்ட சண்டை போடுறீங்க?" என்று விசில் சத்தம் போடுவான். வரிசையே சிரிக்கும். நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் மாத்திரை என்னிடம் வேலையைக் காட்டியது. தூங்கினால் கெட்ட கனவு. கொக்கியில் யாரோ தொங்குகிறான், நான் அவனைத் தூக்கிக்கொண்டே போகிறேன், கயிறு முடியவே மாட்டேன் என்கிறது. விழித்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கும். பகலில் தலைசுற்றல். தரையில் இருப்பவனுக்குத் தலை சுற்றினால் சுவரைப் பிடித்துக்கொள்ளலாம், இருபதாவது மாடி உயரத்தில் இருப்பவன் எதைப் பிடிப்பது?

என்னவெல்லாமோ செய்து பார்த்தேன். சாப்பாட்டுக்கு நடுவில் மாத்திரையைப் போடு என்றார் வெல்டர், போட்டேன். தண்ணீர் நிறையக் குடி என்றார் எலக்ட்ரீசியன், குடித்தேன், குடித்துவிட்டு அந்தக் கூண்டுக்குள் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தது எனக்குத்தான் தெரியும். டீயை விட்டேன், சிகரெட்டை விட்டேன். மத்தியானம் இறங்கி ஏறப் பயந்து, சாப்பாட்டை மேலேயே கொண்டுபோனேன். கேபின் கண்ணாடியில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டி வைத்து, உலகம் சுற்ற ஆரம்பித்தால் அதையே முறைத்துக்கொண்டிருப்பேன். சில நாள் அது உதவியது.

ஒரு வியாழக்கிழமை உதவவில்லை. கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறேன், கீழே இருந்த தரை அப்படியே என் பக்கமாகச் சாய்ந்தது. லீவரை எந்தப் பக்கம் தள்ளினேன் என்று தெரியவில்லை. விசில் விடாமல் ஊதிய சத்தம் காதில் விழுந்துதான் நிறுத்தினேன். கட்டு ஆறு பேர் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் வேர்வை வந்திருக்கும்.

இறங்கியதும் அவனைத் தனியாக இழுத்துப் போனேன். "மாப்ள, இனிமே நான் மாத்திரை போடப் போறதில்ல. துப்பிடுவேன். நீ கையெழுத்துப் போட்டுடு."

"டாக்டர்கிட்ட சொல்லலாம் மாமா. தலை சுத்துதுன்னு சொல்றதுல என்ன வெக்கம்?"

"அறிவிருக்கா உனக்கு? கிரேன் ஓட்டுறவனுக்குத் தலைசுத்தல்னு ஒரு வரி எழுதிட்டா போதும், ஜென்மத்துக்கும் எவனும் கேபின்ல ஏத்த மாட்டான். இருபது வருஷமா இது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். உன் அக்காவை நடுத்தெருவுல நிறுத்தணுமா?"

அக்கா என்றதும் அவன் வாய் அடைத்துப்போகும், அது தெரிந்துதான் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை நாக்கைத் தூக்கினேன், அவன் உள்ளே பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டான். அன்று கிண்டல் இல்லை.

நிறுத்தினால் உடனே சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது உடம்பிலேயே வாரக்கணக்கில் தங்கும் மருந்தாம், எனக்கு யார் சொன்னார்கள்? தலைசுற்றல் மெல்லக் குறைந்தது. ஆனால் அதோடு சேர்ந்து வந்திருந்த சந்தேகம் குறையவில்லை. மேலே தனியாக உட்கார்ந்து கீழே பார்த்தால், எல்லோரும் என்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும். வெல்டர் தலையைச் சொறிந்தால்கூட எனக்கு எதிராக ஏதோ ஜாடை காட்டுகிறார் என்று தோன்றும். இப்போது சொன்னால் சிரிப்பு வரும், அன்று அதை அப்படியே நம்பினேன்.

அந்த வாரம் விசில் சேஃப்டி அதிகாரியோடு நின்று பேசுவதை மேலேயிருந்து பார்த்தேன். பத்து நிமிஷம் பேசினான். சிரித்தான். ஒரு தடவை கிரேனை நோக்கிக் கையைக் காட்டினான். அன்று சாயங்காலம் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"போட்டுக் கொடுத்துட்டியா?"

"என்ன மாமா உளர்றீங்க? என் கொசுவலை கிழிஞ்சுபோச்சு, வேற கேட்டேன். எந்த ரூம்னு கேட்டாரு, கிரேனுக்குப் பின்னாடின்னு காட்டினேன். அவ்வளவுதான்."

"பொய் சொல்லாதே."

"எதுக்குப் பொய் சொல்றேன்? கையெழுத்துப் போட்டவனே நான்தானே!"

"அப்போ நீயும் மாத்திரை போடாதே. நீயும் துப்பு. அப்பத்தான் நம்புவேன்."

அவன் சிரித்தான். என் முகத்தைப் பார்த்தபின் சிரிப்பை நிறுத்தினான். "எனக்கு அது ஒண்ணும் பண்ணலயே மாமா. நான் நல்லாத்தானே தூங்குறேன்."

"அதனாலதான் சொல்றேன். உன் கை சுத்தமா இருக்கிற வரைக்கும் நீ எப்ப வேணாலும் என்னைக் கவுத்துடலாம்."

இதைப் பேசியது நானா மாத்திரையா என்று பிற்பாடு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மாத்திரை என்று சொல்லிக்கொண்டால் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் அவன் அக்காவை இழுத்தால் அவன் அடங்குவான் என்று கணக்குப் போட்டது மாத்திரை இல்லை. மறுபடியும் அவளை இழுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அவனும் துப்பினான். செருப்பால் மண்ணைத் தள்ளி இரண்டு மாத்திரைகளையும் மூடினோம். அவன் அட்டையில் நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்படி ஐந்து வாரம் போனது. ஆறாவது வாரம் விசிலுக்குக் காய்ச்சல் வந்தது.

மருத்துவ அறையில் ஒரு கம்பவுண்டர்தான் இருப்பார். டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருந்த டவுன் ஆஸ்பத்திரியில். கம்பவுண்டர் அவன் அட்டையை எடுத்து விரலால் வரிசையாகத் தடவிப் பார்த்தார்.

"ஒரு வாரம்கூட விடல. மலேரியாவா இருக்காது. வெயில்ல நின்ன காய்ச்சல். ரெண்டு நாள் காய்ச்சல் மாத்திரை போட்டுப் படுத்திருக்கட்டும்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். விசில் என்னைப் பார்த்தான். உதடு வெடித்திருந்தது, பல் கிடுகிடுத்தது, பார்வையை மட்டும் எடுக்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தான். அவனே சொல்லியிருக்கலாம். சொன்னால் என் கதையும் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்திருப்பான். நான் வாயைத் திறந்தால் அவன் பிழைப்பான், திறக்காவிட்டால் என் வேலை பிழைக்கும். "சரிங்க, நான் பாத்துக்குறேன்" என்று கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு அவனைத் தோளில் தாங்கி அறைக்குக் கூட்டிவந்தேன்.

இரண்டு நாள் அவனுக்கு ஈரத்துணி போட்டேன். காய்ச்சல் இறங்கும்போதெல்லாம் எனக்கு உயிர் வரும், பார்த்தாயா சாதாரணக் காய்ச்சல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவன் என்னோடு பேசவில்லை. அந்த வாய் மூடிக் கிடந்ததிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் "மாப்ள" என்று கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது, என்னைத் தெரியவில்லை. வலது கையைத் தூக்கி, ஒற்றை விரலால் காற்றில் வட்டம் போட்டான். தூக்கு என்று எனக்குக் காட்டும் சைகை. பிறகு இரண்டு கையையும் அகல விரித்தான், அப்படியே நிறுத்து என்று. மறுபடியும் வட்டம். யாருக்கோ எதையோ தூக்கச் சொல்லிக்கொண்டே இருந்தான். மருத்துவ அறைக்கு ஓடினேன்.

ஓடினேன் என்று பெருமையாகச் சொல்கிறேன். அங்கே போய் என்ன சொன்னேன் தெரியுமா?

"அவன் மாத்திரையே போடலயாம் சார். அஞ்சு வாரமா துப்பியிருக்கான். இப்பத்தான் என்கிட்ட சொன்னான்."

அவ்வளவுதான். ஐம்பது அடி ஓடுவதற்குள் என்னை மட்டும் கழற்றி வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். கம்பவுண்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜீப் வந்தது.

பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மலேரியாதான், மூளை வரைக்கும் போய்விட்டது, ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள். பிழைத்தான். வலது கை மட்டும் நடுங்கியது. தம்ளரைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் மார்பில் கொட்டும். இந்தக் கையோடு இனி எந்த சைட்டிலும் அவனைச் சைகை காட்ட விடமாட்டார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

அங்கிருந்த லேடி டாக்டரிடம், தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல, "இந்த மாத்திரையால சில பேருக்குத் தலை சுத்துமாமே?" என்று கேட்டேன்.

"சுத்தும். கெட்ட கனவு வரும், யாரைப் பாத்தாலும் சந்தேகம் வரும். அதுக்கென்ன, தினமும் போடுற வேற மாத்திரை இருக்கே. ஒத்துக்கலைன்னு சொன்னா அன்னைக்கே மாத்திடுவோம்."

"கிரேன் ஓட்டுறவங்களுக்குமா? வேலை போயிடாதா?"

"மருந்தால வர்ற தலைசுத்தலுக்கு எதுக்குங்க வேலை போகணும்? சரியாகுற வரைக்கும் கொஞ்ச நாள் கீழ உக்காரச் சொல்லுவோம். அவ்வளவுதான்."

அந்த அம்மாள் போன பிறகு தாழ்வாரத்துச் சுவரில் என் தலையை இரண்டு முறை முட்டிக்கொண்டேன். வலித்தது, வேறு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு சேஃப்டி அதிகாரி அட்டையோடு வந்தார். கட்டிலுக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். "அஞ்சு வாரமும் உன் மாமா கையெழுத்துதான் இருக்கு. அவர் பாத்துத்தான் போட்டாரா, பாக்காமலே போட்டாரா?" என்று அவனைக் கேட்டார்.

விசில் என்னைப் பார்த்தான். மருத்துவ அறையில் பார்த்த அதே பார்வை, நானே சொல்ல இன்னும் ஒரு தடவை இடம் விட்டான். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்துத்தான் போட்டாரு சார். நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சு நான்தான் ஏமாத்திட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சமயத்தில் வந்து சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார்கள். அடுத்த வாரமே முகாம் முழுவதற்கும் தினசரி மாத்திரை வந்தது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. நன்றாகத் தூங்கினேன், அதைச் சொல்லத்தான் வாய் கூசுகிறது. ஆறு மாதம் கழித்து வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்த அன்று மத்தியானமே என் மனைவி தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினாள். ஆறு மாதமாக அவனை வறுத்தெடுத்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

"இவர் மட்டும் ஓடிப்போய்ச் சொல்லலைன்னா நீ இன்னைக்குச் சுவத்துல போட்டோவாத்தான் இருப்பே. இவரையே ஏமாத்தியிருக்கியேடா! உன் திருட்டுத்தனத்தால இவர் வேலைக்கும் சேர்த்து உலை வச்சிருப்பே. கேளு, மன்னிப்புக் கேளு மாமாகிட்ட."

அவன் நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த முறை என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா."

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதைக் கேட்கிற இரண்டு பேரும் எதிரிலேயே நிற்கிறார்கள். அந்தப் பழைய மாத்திரை என் ரத்தத்தை விட்டுப் போய் எத்தனையோ மாதம் ஆகிவிட்டது. தலை சுற்றவில்லை. யார் மேலும் சந்தேகம் இல்லை. புத்தி கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

"பரவாயில்ல, விடு மாப்ள" என்றேன்.