பனியில் கிடந்த தட்டிகள்

திராட்சைத் தட்டியை ஒரு ஆள் தூக்க முடியாது. இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். நாணலைப் பிளந்து முடைந்தது, ஆள் நீளம் இருக்கும். பழம் பரப்பினால் நடுவில் தொங்கிப்போகும். கொஞ்சம் சாய்ந்தாலும் பழம் உருளும், உருண்டால் நசுங்கும், நசுங்கினால் ஊரிலுள்ள குளவியெல்லாம் விருந்துக்கு வந்துவிடும். எங்கள் முற்றத்தில் அந்த வருடம் முப்பத்திரண்டு தட்டிகள். காலையில் வெயில் ஏறினதும் கொட்டகையிலிருந்து வெளியே, சாயந்திரம் பனி இறங்குவதற்குள் மறுபடி உள்ளே. சிசிலிக்கு வடக்கே இருக்கும் எங்கள் சலீனாத் தீவில் செப்டம்பர் மாதப் பிழைப்பே இதுதான். பாதி உலர்ந்த மல்வசியாத் திராட்சையில் ஒரு ராத்திரிப் பனி விழுந்தால் போதும், தோல் விட்டுப்போய்ப் பூஞ்சை பிடித்துவிடும். அதைப் பிழிந்தால் இனிப்பு ஒயின் வராது, சாலட்டுக்கு ஊற்றுகிற காடிதான் வரும்.

என் கணவன் ஓனோஃப்ரியோவுக்கு அந்த ஜூனில் மிலாட்சோ ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து தைத்து அனுப்பியிருந்தார்கள். "ஒரு வருஷத்துக்கு ஒயின் கிளாஸுக்கு மேல கனமா எதையும் தூக்கப்படாது, அந்தக் கிளாஸும் பாதிதான் நிரம்பியிருக்கணும்" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பது வருடமாக இந்த மனுஷனைப் பார்க்கிறேன். எரிமலைச் சரிவில் கூடை சுமந்து சுமந்து முதுகு வளைந்தவனிடம் போய் எதையும் தொடாதே என்றால் கேட்பானா?

நான் தெளிவாகச் சொன்னேன். இந்த வருடம் பழத்தைப் பறிக்க வேண்டாம், குருவி தின்னட்டும், ஒரு வருடம் ஒயின் இல்லாவிட்டால் எங்கள் மால்ஃபா ஊர் கடலில் மூழ்கிவிடாது என்றேன். ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் கொட்டகைக்குள் போனால், பழைய தட்டி ஒன்றின் ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"வெச்சிடு. கீழ வெச்சிடு சொல்றேன்."

"சும்மா பாத்தேன்."

"எல்லாத்தையும் நானும் உன் அக்காவும் தூக்குறோம். நீ நாற்காலிய விட்டு எழுந்தியோ, அத்தனை தட்டியையும் அடுப்புல வெச்சிடுவேன்."

அப்படித்தான் அந்த வருட வேலை என் தலையில் விழுந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. அவன் அக்கா சாந்தினா மேல்தெருவிலிருந்து தினமும் இரண்டு வேளை இறங்கி வருவாள். வயது எழுபதுக்குக் கிட்டே, ஒவ்வொரு தட்டிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிடுவாள். முப்பத்திரண்டாவது தட்டிக்கு வரும்போது புனிதர்கள் தீர்ந்துபோய் என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். பகலில் நான் பழத்தைப் புரட்டிவிட வேண்டும், அழுகலைப் பொறுக்க வேண்டும், அவனுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், உப்பில்லாமல் சமைத்து அவன் முகம் சுளிப்பதையும் பார்க்க வேண்டும்.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. ராத்திரிதான் கொடுமை. நடுராத்திரியில் எழுந்துபோய்த் தட்டிகளைத் தடவிப் பார்ப்பது அவனுடைய பழக்கம். ஓரத்தில் இருக்கிற தட்டி சரியில்லை என்று தோன்றினால் இழுத்து வைப்பான். கட்டில் கிரீச்சென்றால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பாத்ரூமுக்குப் போனால்கூடக் கதவருகே நிற்பேன். பதினைந்து நாள் இப்படிப் போனது. கண்ணை மூடினால் அவன் கொட்டகையில் குப்புற விழுந்து கிடப்பதுதான் தெரிந்தது.

பதினாறாம் நாள் மத்தியானம் சிரோக்கோ கிளம்பியது. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூட்டுக்காற்று. எல்லாரும் அதைத் திட்டுவார்கள், செப்டம்பரில் நாங்கள் மட்டும் திட்டமாட்டோம். காற்று ஓடுகிற ராத்திரியில் பனி இறங்காது, தட்டிகளை வெளியிலேயே விட்டுவிடலாம். ஆனால் விடியும்வரை காற்று நிற்கக் கூடாது. அதைச் சொல்வதற்கு எங்கள் தெருவில் ஓனோஃப்ரியோவை விட்டால் ஆள் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கடலுக்கு அப்பால் ஸ்ட்ரோம்போலி உச்சியில் எழும் புகையைப் பார்ப்பான். அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, எடு என்பான், அல்லது விடு என்பான். பக்கத்துத் தோட்டத்து கஸ்பாரே இவன் சொல்லாமல் தன் தட்டியைத் தொடமாட்டான்.

சாயந்திரம் சாந்தினா வழக்கம்போல மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"ஆரம்பிக்கலாமாடி?"

"இன்னைக்கு வேணாம் அண்ணி. சிரோக்கோ அடிக்குதுல்ல. கெடக்கட்டும்."

உண்மையைச் சொல்கிறேன். அதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தேகம்தான். மத்தியானம் முழுக்கக் கொட்டகைக் கூரையின் நாணல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது, சாயந்திரம் அவ்வளவு சத்தம் இல்லை. கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளு. நீ எப்போ காத்து பாக்கக் கத்துக்கிட்ட?" என்றாள் சாந்தினா.

ஓனோஃப்ரியோ புகையைப் பார்த்தான். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

"விடுங்க. விடியவிடிய அடிக்கும்."

சாந்தினா சிலுவை போட்டுக்கொண்டு, அவன் மனம் மாறுவதற்குள் நடையைக் கட்டினாள். நான் வெந்நீரில் காலை வைத்தேன். ரொட்டியில் தக்காளியும் உப்பில் ஊறிய கேப்பர் மொட்டும் வைத்து நின்றபடியே தின்றேன். கட்டிலில் சாய்ந்தது தெரியும். அதற்கப்புறம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம்.

கண் விழித்தபோது முகத்தில் வெயில். வெளியே ஒரு சத்தமும் இல்லை. காற்று நின்றுவிட்டது என்று புரிய ஒரு கணம் ஆனது. பக்கத்தில் கையை வைத்தேன், படுக்கை காலி. வெறுங்காலோடு ஓடினேன். முற்றத்துக்குப் போகும் அந்தப் பத்தடிக்குள் மனசுக்குள் அவனை அடக்கமே செய்துவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

தட்டிகள் விட்ட இடத்திலேயே கிடந்தன, முப்பத்திரண்டும். எல்லாம் நனைந்து மினுமினுத்தன. ஒரு பழத்தை அழுத்தினேன், தோல் கழன்று விரலில் ஒட்டிக்கொண்டது. இன்னும் இரண்டு நாளில் பிழிந்திருக்கலாம். இரண்டே நாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியும் பழம் போய்விட்டதே என்ற ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்பாரே தன் தட்டிகளை ஒவ்வொன்றாகக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தான், மறுபக்கம் அவன் மனைவி. எங்கள் முற்றத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"என்னக்கா இது? அப்படியே போட்டுட்டீங்க?"

"காத்து நின்னுடுச்சு கஸ்பாரே. சிரோக்கோவ நம்பிக் கெட்டோம்."

"அண்ணன்தான் நேத்து சாயந்திரம் சுவரோரமா வந்து, நடுராத்திரிக்குள்ள காத்து செத்துடும், எல்லாத்தையும் உள்ள எடுடான்னு சொன்னாரு. எனக்குச் சொல்லிட்டு உங்களுக்குச் சொல்லலையா?"

அவன் மனைவி தட்டியால் அவனை ஒரு இடி இடித்தாள். அவன் தட்டியோடு நகர்ந்தான். நான் ஓனோஃப்ரியோ பக்கம் திரும்பினேன். அவன் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அவனுக்கு எடுன்னு சொன்னியா?"

"ம்."

"எங்களுக்கு விடுன்னு சொன்னே."

"ம்."

"மூளைக்கும் சேத்து ஆபரேஷன் பண்ணிட்டாங்களா உனக்கு? நாற்பது வருஷத்துல ஒரு பழம் நனைய விட்டிருப்பியா நீ? மழை வந்தப்போ நம்ம கல்யாணத்துல போட்டிருந்த கோட்டக் கழட்டித் தட்டி மேல போட்டவன்தானே? பதினஞ்சு நாள் என் இடுப்பு ஒடிஞ்சதுக்கு இதுவா கூலி?"

"உன் மூஞ்சியப் பாத்தேன்," என்றான்.

"என் மூஞ்சியில என்ன?"

"தூணப் பிடிச்சிக்கிட்டு நின்ன. பதினஞ்சு நாளா நீ தூங்கலடி. நான் புரண்டு படுத்தாக்கூட எழுந்து உக்காருற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எடுன்னு சொன்னா எடுத்திருப்ப. முப்பத்திரண்டையும் எடுத்துட்டு விழுந்திருப்ப."

"ராத்திரி எழுப்பியிருக்கலாம்ல? காத்து நின்னதும் எழுப்பியிருந்தா அக்காவக் கூட்டிட்டு வந்து எடுத்திருப்பேனே."

"மனசு கேக்காம எழுப்பத்தான் வந்தேன். வாயப் பொளந்துக்கிட்டு குறட்டை விட்டுட்டிருந்த. ஜூன் மாசத்துலேருந்து இந்த வீட்டுல குறட்டைச் சத்தமே இல்ல." கோப்பையைக் கீழே வைத்தான். "அப்புறம் எப்படி எழுப்புறது?"

எனக்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் இருந்தது.

"வெளிய வந்தியா? தூக்கினியா? உண்மையச் சொல்லு ஓனோஃப்ரியோ."

"ஒத்த ஆளு எப்படித் தூக்குறது?"

"இழுத்திருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"கை வெச்சேன்," என்றான். "வெச்ச கையில ஈரம். ரொம்ப நேரம் அப்படியே நின்னேன். அப்புறம் சட்டையில தொடச்சிக்கிட்டு உள்ள வந்து படுத்துட்டேன்."

அப்போதுதான் சாந்தினா வந்தாள். முற்றத்தைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலில் கீழ்த்தெரு நாய்கள் குரைத்தன. என்னைச் சோம்பேறி என்றாள், அப்பன் கொடுத்த தோட்டத்தை அழிக்க வந்தவள் என்றாள். நேற்று அவளும் சந்தோஷமாக வீட்டுக்கு ஓடியது மறந்துவிட்டது.

"அவள ஒண்ணும் சொல்லாத," என்றான் ஓனோஃப்ரியோ. "நான் பாத்தது தப்பாப் போச்சு. கண்ணு முன்ன மாதிரி இல்ல."

சாந்தினா தம்பியைப் பார்த்தாள். அவள் கோபம் அப்படியே இறங்கிப்போனது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேசும், ஓனோஃப்ரியோவுக்கு ஆபரேஷனோடு காற்று பார்க்கும் கண்ணும் போய்விட்டது என்று. தனக்குச் சரியாகத்தான் சொன்னான் என்று கஸ்பாரே சொன்னாலும், சொந்தத் தட்டியை மறந்துவிட்டான் பாவம் என்பார்கள். காற்று பார்ப்பதில்தான் அவனுக்குப் பெருமை. கோயிலில் முன்வரிசை கொடுத்தாலும் அவனுக்கு அது பெரிதில்லை. உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று அவன் தலையசைத்தான்.

வெயில் கடுமையாவதற்குள் பொறுக்கி எடுத்தால் கொஞ்சமாவது தேறும். மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவன் நாற்காலி முன்னால் ஒரு தட்டியை வைத்துக் கொடுத்தேன், ஒவ்வொரு பழமாக எடுத்துப் பார்ப்பதற்கு டாக்டரின் தடை எதுவும் இல்லை. நல்லது ஒரு பக்கம், போனது வாளியில். வாளிதான் சீக்கிரம் சீக்கிரமாக நிறைந்தது. மூன்று பீப்பாய் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தால் அதிகம். சாந்தினா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொறுக்கினாள்.

நான் அழுதேன். பழத்துக்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள், முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஜூனிலிருந்து ஒரு மருந்துச்சீட்டும் ஒரு டாக்டரும் எனக்குத் தராத நம்பிக்கை அந்த வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. கண்ணெதிரே தட்டி நனையும்போது கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுக்க இந்த மனுஷனுக்கு முடிந்திருக்கிறது. இனி அவன் பிழைத்துக்கொள்வான். அன்று ராத்திரியும் நான் நன்றாகத் தூங்கினேன்.