கிஷனின் கப்பல்

கருமாதிப் படையலில் கம்ப்யூட்டரையும் வைக்க வேண்டும் என்று முனியாயி பிடிவாதம் பிடித்தாள். அவளிடம் பேசி ஜெயித்தவர் புக்கிட் பெருவாங்கிலேயே கிடையாது. மகன் கிஷன் தஞ்சோங் கிளிங் சாலையில் மோட்டார் சைக்கிளோடு லாரிக்கு அடியில் போனதிலிருந்து, அவளிடம் வாய் திறக்கவே எல்லாருக்கும் பயம்.

கிஷனுக்குக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு என்றால் உயிர். விண்வெளியில் போர்க் கப்பல் ஓட்டி எதிரிகளைச் சுட வேண்டும். வேலை விட்டு வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல், கப்பலைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டே முனியாயிக்குத் தொண்டை வற்றிப்போகும்.

தங்கை உஷாராணி கம்ப்யூட்டரைப் போட்டு, விளையாட்டில் அண்ணன் பெயர் தெரிகிற இடத்தில் நிறுத்தினாள்.

"என்னா இது, வெறும் எழுத்து நிக்குது? அவன் ஓட்டுவான்ல, அதப் போடு லா," என்றாள் முனியாயி.

ஆளில்லாத கப்பலை எதிரிகள் விட்டுவைக்க மாட்டார்கள். அதை எந்த வாயால் சொல்வது? அண்ணன் இன்னொரு முறை சாவதை அம்மா பார்த்துவிடக் கூடாது, உஷாராணிக்கு அது ஒன்றுதான் கவலை. படையலுக்குச் சாத்தும் கதவைத் திறந்ததும் அம்மாவுக்கு முன்னால் உள்ளே புகுந்து கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கப்பலைக் கிளப்பினாள்.

மீ கோரிங், கோழிக் கறி, மைலோ எல்லாம் படைத்தாயிற்று. போனவன் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமே என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றார்கள். உள்ளே கப்பல் இரைந்தது. சுடுகிற சத்தம் கேட்டது. இந்நேரம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. யாரோ வளைத்து வளைத்து ஓட்டுவதுபோல இரைச்சல் ஏறி இறங்கியது.

"வந்துட்டான்," என்றாள் முனியாயி, மெதுவாக.

உஷாராணிக்கும் அப்படித்தான் தோன்றியது. அணைக்க வேண்டும் என்ற நினைப்பே போய்விட்டது. ஓட்டுண்ணே, விட்டுறாதே என்று மனசுக்குள் கெஞ்சினாள். அப்போது வெடிச் சத்தம் கேட்டது.

முனியாயி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரையில் வீரர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ஒரு சவப்பெட்டி. கப்பலோட்டி செத்தால் விளையாட்டு காட்டுகிற இறுதிச் சடங்கு அது. பெட்டி மெல்ல நகர்ந்து இருட்டுக்குள் மிதந்து போனது. உஷாராணி சுவிட்சைத் தேடி ஓடினாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இது யாருக்கு? நம்ப கிஷனுக்கா?"

உஷாராணிக்குப் பொய் வரவில்லை. "ஆமாம்மா."

பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று அன்று முனியாயியை வாசலிலேயே பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆண்கள் கொண்டுபோனார்கள். திரும்பி வந்து குளித்தார்கள். அங்கே என்ன நடந்தது என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை.

"இத்தன பேரு நின்னு அனுப்பி வச்சாங்களா," என்றாள். அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இன்னொரு வாட்டி காட்டு பாப்பா. அன்னிக்கு என்னைய விடல."

காட்ட வேண்டுமென்றால் அவனை மறுபடி பறக்கவிட வேண்டும். மறுபடி சாகவிட வேண்டும்.

உஷாராணி அண்ணன் பெயரைத் தட்டினாள். கப்பல் கிளம்பியது. எதிரிகள் வந்தார்கள். கை தானாக ஜாய்ஸ்டிக்குக்குப் போனது. கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.