மேனேஜரை யார் தூக்குவது?

1

இந்தக் கதை ஒரு கேக்கில் தொடங்கியது. என் அலுவலகத்தில் ஆண் ஊழியர் ஒருவர் மாதக்கணக்கில் மலைநடை போகிறேன் என்று விடுப்பு எடுத்தார். கேக் வெட்டினோம், கைதட்டினோம், "வாழ்ந்தா இவரை மாதிரி வாழணும்" என்று பெருமூச்சு விட்டோம். அவர் வீட்டில் இரண்டு நாய்கள் உண்டு. அவற்றை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு வாய்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் என் பக்கத்து மேசைக்காரி அதே விடுப்பைக் கேட்டாள். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பூனை. மேலாளர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி: "பூனையை யாரும்மா பாத்துப்பா?"

அவள் சிரித்து மழுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மதியமே எழுத ஆரம்பித்துவிட்டேன். பூனையை மட்டும் நாயாக்கினேன். பூனை தன்னைத் தானே பார்த்துக்கொண்டுவிடும், கதை நகராது.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்களை மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

[விடியலில் மலை பனிப்போர்வை போர்த்தி—] பொய். நான் மலையைப் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

[அவள் மனதில் இனம் புரியாத ஓர் ஏக்கம்—] இனம் புரியாவிட்டால் நான் எதற்குப் பேனாவைத் தூக்கினேன்?

[சிறுவயதில் அவளுக்கு நேர்ந்த அந்தக் கொடுமை—] இதைத்தான் ஆத்திரத்தோடு அடித்தேன். ஆண் நடந்தால் கால் இருக்கிறது, நடக்கிறான். பெண் நடந்தால் மட்டும் பின்னால் ஒரு காயம் இருந்தாக வேண்டுமா? இவளுக்கும் கால் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

3

என் நாயகி பல் கட்டுகிறவள். மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சை வைத்து, அச்சு வார்க்கும் மாவின் தூசி பறக்கும் ஒரு பின்னறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செய்வாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எதிலும் நேர்வழியில் போகமாட்டாள் என்று அண்ணன் வைத்த பெயர் நண்டு. தனியாக ஒரு தரைத்தள அறையில் ஒரு நாயோடு இருக்கிறாள். அதன் பெயர் மேனேஜர். வேலை எதுவும் செய்யாது. வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் குரைக்கும்.

இப்போது அது கிழடு. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவளின் நாய்க்கு வாயில் பல் இல்லை. சோற்றைக் குழைத்துத்தான் ஊட்ட வேண்டும். பின்னங்கால்களும் போய்விட்டன. படி என்றால் தூக்கித்தான் இறக்க வேண்டும்.*

மலைநடைக்கு நாலு மாத விடுப்புக் கேட்டாள், கிடைத்துவிட்டது. முதலாளி சொன்னது இவ்வளவுதான்: "உன் இடத்துக்கு ஆள் பேசிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள போறியா இல்லையான்னு முடிவாச் சொல்லு. இப்ப விட்டா அப்புறம் என்கிட்ட வந்து நிக்காதே."

நாய் விடுதிக்குப் போனாள். விடுதிக்காரர் மேனேஜரின் ஈறுகளைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நாலு நாள்னா சரிம்மா. நாலு மாசமா? நடுவுல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க தலையில விடியும். ஆமா, அப்படி என்ன அவசரம் மலையில?"

"மலை அங்கேயேதான் இருக்கும் சார். என் காலுதான் இப்படியே இருக்காது."

விடுதிக்காரர் நாயை மரியாதையாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

* எடையை எழுதவில்லை. பாதி காலியான ஒரு கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் முகத்தை நக்காது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

4

எனவே ஞாயிற்றுக்கிழமை பகலில் அண்ணன் வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி நால்வரும் அங்கேதான். அண்ணிக்குத் தொலைபேசியில் பிறர் புகார்களைக் கேட்கிற வேலை. ராத்திரி முழுக்க யாரோ ஒருவரின் கெட்டுப்போன இயந்திரத்துக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு, பகலில் தூங்குவாள். நண்டு போனபோதும் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"மெல்லப் பேசு, அண்ணி தூங்குறா" என்றாள் அம்மா. நல்ல மாமியார்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"நாய்க்கு ஆள் தேடுறா. தனக்கு ஒரு ஆள் தேடலாம்னா மட்டும் காது கேக்காது" என்றாள் அம்மா, கிசுகிசுப்பாக.

"ரெண்டு பேருக்கும் பல்லு இல்லாத ஆளாப் பாரும்மா, பல்லு நானே கட்டிக்குடுத்துடறேன்" என்றாள் நண்டு.

"வாயைப் பாரு! படிக்க வெச்சது இதுக்குத்தான்."

அண்ணன் செருப்பை உதறிவிட்டு வந்து உட்கார்ந்தான். நாயின் தலையைத் தடவினான். "விடும்மா. நண்டு போயிட்டு வரட்டும். நான் பாத்துக்கறேன்."

"அவன் சொன்னா சொன்னதுதான்" என்றார் அப்பா.

[பிரச்சினை தீர்ந்தது. நண்டின் கண்கள் பனித்தன. கூடப் பிறந்தவனின் கை அவள் தலையில்—]

இந்த வாக்கியத்தை நான் உண்மையாகவே எழுதியிருந்தேன். கதை முடிந்துவிட்டது என்று எழுந்துபோய்க் காபிகூடப் போட்டேன். திரும்பி வந்து படித்தபோதுதான் உறைத்தது: அண்ணன் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவன். அம்மாவுக்கு மூட்டுவலி. அப்பா தன்னையே கைப்பிடியைப் பிடித்துத்தான் இறக்குகிறார். அப்படியானால் யார் தூக்குவது?

நண்டைக் கேட்கவைத்தேன்.

"பகல்ல யாருண்ணா கீழே தூக்கிட்டுப் போவா?"

"உங்க அண்ணி வீட்டுலதானே இருக்கா."

அதையும் மெல்லத்தான் சொன்னான். அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாதே!

5

இங்கே நண்டு பொங்கியிருக்க வேண்டும். "அண்ணியைக் கேட்டியா?" என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தானே அவளைப் படைத்தேன்? ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. வசனம் எழுதிக் கொடுத்தேன், அவள் வாயில் ஒட்டவில்லை. எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். அவளுக்கு மலை வேண்டும். மலைக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது சாத்திய ஒரு கதவு மட்டும். அதைத் தட்டாமல் இருப்பதுதான் அவளுக்கு லாபம்.

என் நாயகி என்பதற்காக அவளுக்குச் சலுகை கிடையாது. மேலாளர் மேல் வந்த அதே கோபம் எனக்கு இவள் மேலும் வந்தது. பார்க்கப்போனால் கூடுதலாகவே வந்தது. இவள் நம் ஆள்.

ஆகவே கதவை நான் திறந்தேன்.

6

அண்ணி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். கன்னத்தில் தலையணைத் தழும்பு.

"ஒண்ணுமில்லம்மா, நீ போய்த் தூங்கு" என்றாள் அம்மா.

"தூங்கிட்டுதான் இருந்தேன் அத்தை. ராத்திரியெல்லாம் காதுல வேலை பாக்கறவ நான். மெல்லப் பேசினாத்தான் எனக்கு நல்லாக் கேக்கும்."

மேனேஜர் ஒரு தரம் குரைத்துக் கடமையை முடித்தது.

"அவரை விடு. நண்டு, நீயாவது என்னைக் கேட்டிருக்கலாமே?"

"கேக்கலாம்னுதான் அண்ணி… நீங்க தூங்கறீங்களேன்னு…"

"இப்ப முழிச்சிருக்கேன். கேளு."

நண்டு எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நாலு மாசம் மேனேஜரைப் பாத்துக்கறீங்களா அண்ணி?"

"மாட்டேன்."

இந்த 'மாட்டேன்' எனக்கே அதிர்ச்சிதான். கேட்டால் ஒப்புக்கொள்வாள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேட்பது என்றால் மறுக்க இடம் விட்டுக் கேட்பது என்பது என் மண்டையிலும் அப்போதுதான் ஏறியது.

அண்ணி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "உங்கண்ணன்தான் பாத்துக்கறேன்னாரே, பாத்துக்கட்டும். அவர் சொன்னா சொன்னதுதான், இல்லையா மாமா?"

கதவு சாத்திக்கொண்டது.

7

கதையைப் படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், "எல்லாம் சரிம்மா, முடிவுல கொஞ்சம் பாசம் வேணும்" என்றார். அவர் தந்த முடிவு: நாய் சாப்பிட மறுக்கிறது, நண்டு பாதி மலையிலிருந்து அழுதுகொண்டே ஓடி வருகிறாள். அலுவலகத்தில் கேக் வெட்டிய அந்த மனிதரை ஒரு நாயும் பாதி மலையிலிருந்து கூப்பிடவில்லையே சார் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அண்ணியையும் மலைக்கு அனுப்பிவிடு என்றாள் ஒரு தோழி. கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அண்ணிக்கு மலை வேண்டாம், தூக்கம்தான் வேண்டும்.

நாயைச் சாகடித்துவிடு என்று இன்னொருத்தி சொன்னாள். அவளோடு நான் இப்போது பேசுவதில்லை.

நான் எழுதியது இது வரைதான். வியாழக்கிழமை ராத்திரி. அண்ணன் ஒத்திகை பார்க்கிறான். மேனேஜரைத் தூக்கிக்கொண்டு கீழிருந்து ஏறுகிறான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கச் சுவரில் சாய்கிறான், சட்டையெல்லாம் ரோமம். ஒரு படி மேலே நண்டு, கையில் கைபேசி. நாளைக்குள் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"நண்டு, நான் போகாதேன்னு சொல்லலை. ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு என்னவெல்லாம் வரும் என்று எனக்கு அத்துப்படி. அதை என் கையால் எழுதமாட்டேன். நாய் அவன் தோளில் கனத்துக்கொண்டிருக்கிறது, அவள் காத்திருக்கிறாள், சீக்கிரம் நீங்களே முடியுங்கள். அவன் ஒரு வாரம் சீக்கிரம் எழுந்து பார்க்கட்டும், வேலை நேரத்தை மாற்றட்டும், கூலிக்கு ஆள் வைக்கட்டும். எது வேண்டுமானாலும் எழுதுங்கள். தூங்குகிற ஒருத்தியை மட்டும் அந்த வாக்கியத்துக்குள் இழுக்காதீர்கள்.