எனக்காகவா, சீக்குக்காகவா

தென்கொரியாவின் டேஜோன் நகரில் நானும் யோன்ஜு அக்காவும் ஒரே ஆய்வகத்தில் இருந்தோம். நிச்சயமில்லாத நேரத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் குவாண்டம் நிகழ்தகவைக் கொண்டு கணக்கிடுவது எங்கள் வேலை.

மாணவர்களிடம் கேட்போம். நேர்காணலில் தேறிவிட்டால் இன்று நண்பர்களோடு சோஜு குடிக்கப் போவாயா? போவேன், கொண்டாட. தேறாவிட்டால்? அப்போதும் போவேன், மனசு ஆற. முடிவே தெரியாவிட்டால்? பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்வார்கள். சாதாரணக் கணக்குக்கு இது பிடிபடாது. இரண்டு அலைகள் மோதி அடங்குவதுபோல, இரண்டு காரணங்கள் ஒரே மனதில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன என்று அக்கா விளக்கியிருந்தார்.

அந்த வசந்தத்தில் பூசானில் ஒரு கல்லூரி அவரை வேலைக்கு அழைத்தது. அவருடைய அம்மா தனியாக இருக்கும் ஊர். அதே வாரம் அம்மாவின் நுரையீரலில் நிழல் தெரிகிறது என்று சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நோய் என்றால் பார்த்துக்கொள்ளப் போகவேண்டும், இல்லையென்றால் சந்தோஷமாகச் சேர்ந்து இருக்கப் போகலாம் என்றார் அக்கா. ஆனாலும் கல்லூரிக்குச் சரியென்று சொல்ல வாய் வரவில்லை. பரிசோதனை முடிவு வருமுன்பே அவர்கள் கொடுத்த கெடு முடிந்துவிடும்.

"நம்ம ஆராய்ச்சிக்கு நீங்க ஒருத்தரே போதும்க்கா," என்றேன். சிரித்தவர், சிரித்தபடியே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மதியம் அம்மாவே போனில் கூப்பிட்டார்; அக்கா ஸ்பீக்கரில் போட்டார். அக்கா இழுத்து இழுத்துப் பேசியதும், மகள் எதற்குத் தயங்குகிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ரிசல்ட்டு வந்தப்பறம் நீ வந்தா, எனக்காக வந்தியா, சீக்குக்காக வந்தியான்னு தெரியாமலே போயிடும்டி. வர்றதுன்னா இப்பச் சொல்லு. வரலேன்னாலும் இப்பவே சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

"அந்த வேலை எனக்குப் பிடிச்சிருக்கான்னே நான் யோசிக்கலம்மா."

"அப்ப மொதல்ல அத யோசி. என் நெஞ்ச டாக்டர் பாத்துக்குவாரு."

யோசித்தார். அங்கே ஆராய்ச்சிக்கு இடமே இல்லை. பாடம் மட்டும் நடத்த அவருக்கு விருப்பமில்லை. சாயங்காலமே மறுத்துவிட்டார்.

பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய்தான், தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அக்கா கோடை முழுவதும் விடுப்பு எடுத்துப் பூசானுக்குப் போனார். அறுவை முடிந்து வீடு திரும்பிய அம்மா, படுத்திருக்கச் சொன்னால் கேட்காமல் எழுந்து வந்து மகளுக்குச் சிப்பிக் கஞ்சி காய்ச்சினாராம். இலையுதிர்காலத்தில் அம்மா மீன் சந்தைக்கு நடந்தே போகத் தொடங்கினார். அக்கா, கொஞ்சம் சதை போட்டு, ஆய்வகத்துக்குத் திரும்பினார்.