அண்ணனின் பதினொரு நிமிடம்

பிரிவியூ தியேட்டர் வாசலில் எடிட்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், காலிக் காபிக் கோப்பையை மூன்றாம் முறையாக உதட்டில் வைத்தாள்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது அவள் கணவர் இயக்கிய பறக்கும் வீரன் படம். நான்கு வருடங்களுக்கு முன் வெளியானபோது அது மண்ணைக் கவ்வியது. அண்ணன் செத்துக் கிடக்க, அடுத்த காட்சியிலேயே விறைப்பாகப் பறந்துபோன வீரனுக்கு ஊரே ‘கல்லுமூஞ்சி’ என்று பெயர் வைத்தது. நாத்தனார் மகள்கூட மாமாவை அப்படித்தான் சீண்டினாள்.

இன்று முழுப் பதிப்பு. நாற்பது நிமிடம் கூடுதல். அதில் பதினொரு நிமிடம், வீரன் அண்ணன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான்.

அதை அன்று வெட்டித் தூக்கியவள் அவள்தான். நாற்பது நிமிடத்தைக் குறைக்கச் சொன்னது கம்பெனி. கணவர் கோபித்துக்கொண்டு வெளியேறினார். படம் முன்பின் தெரியாதவர் கையில் சிக்கக் கூடாதென்று, பெயர் போடாமல் அவளே உட்கார்ந்து வெட்டினாள். கம்பெனி ஆள் வெட்டியதாகவே இன்றுவரை அவர் நினைத்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. அன்று கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர்களெல்லாம் உள்ளே மூக்கைச் சிந்துகிறார்கள் என்றார். சிரித்தார்.

“அந்த சீனைத் தூக்கினவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

“நான்தாங்க தூக்கினேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது. “அந்த சீனைத்தான் தூக்கணும்னு அவங்க சொன்னாங்களா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அவர் குரலே அதைக் கெஞ்சியது.

“இல்லங்க. எனக்கு இழுவையா பட்டுச்சு.”

அவர் தரையைப் பார்த்தார். “இப்ப எப்படிப் பட்டுச்சு?”

“எங்க பாத்தேன்? உள்ள வரவே பயமா இருந்துச்சு. அழற சத்தம் மட்டும் கேட்டுச்சு.”

அவர் திரும்பிக் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

“மிச்சத்தையாவது வந்து பாரு. சண்டைய வீட்டுல போட்டுக்கலாம்.”

கடைசி வரிசையில் அவள் உட்கார, நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு அவர் உட்கார்ந்தார். திரையில் வீரன் மேகத்துக்குள் ஏறினான். அவர் பையைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார், ஒரு மடக்கு குடித்தார், மூடியைத் திருகாமலே அந்தக் காலி நாற்காலியில் வைத்தார், அவள் பக்கமாக.